மழைக்கிடை வெயில்: தங்காக் வட்டாரத்தில் ஆண்டிறுதி வண்ணத்துப்பூச்சிகள்

மிதவெப்ப நாடுகளில் இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்கள் வண்ணத்துப்பூச்சி நோக்குவோருக்கு ஓராண்டின் முடிவாக அமைகின்றன. உறைபனி விழத் தொடங்கியதும் அங்குள்ள இனங்களுள் பெரும்பாலானவை முட்டையாகவோ புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ ஒடுங்கிவிடுவதால், அடுத்த வசந்தம் வரை வலையும் கேமராவும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2.3 பாகையில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்த தங்காக்கில் அத்தகைய முடிவு என்று ஒன்று இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும், அதாவது தமிழ் மரபு கூதிர்காலம் என்று வகுத்த இரண்டு மாதங்களும், இங்கே மழை மிகுவதைக் குறிக்கின்றனவே தவிர, வெப்பம் குறைந்து உயிர்கள் உறங்குவதைக் குறிப்பதில்லை. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை இவ்வட்டாரத்துக்கு வருபவர் எந்த மாதம் நல்லது என்று கேட்பதைவிட, எந்த மணி நல்லது என்று கேட்பதே பயன் தரும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது.

மலேசியாவின் ஆண்டு இரண்டு பருவக்காற்றுகளாலும் அவற்றுக்கு நடுவே வரும் இரண்டு இடைமாற்றக் காலங்களாலும் ஆனது. ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றொன்று நிலைபெறுவதற்கு முன், காற்று வலுவிழந்து திசை நிலையில்லாமல் இருக்கும் சில வாரங்களே இடைமாற்றக் காலம் எனப்படும். அக்டோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் நிலவும் இக்காலத்தில், தெளிந்த காலை, முற்பகலில் திரளும் மேகம், பிற்பகலில் இடியுடன் கூடிய பெருமழை என்ற ஒழுங்கு பல நாட்கள் தொடர்ந்து காணப்படும். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழை இதிலிருந்து வேறுபட்டது. அதன் முழு வேகம் ஜொகூரின் கிழக்குக் கரையில் விழுந்தாலும், நாள் முழுவதும் வானம் மூடிக்கிடக்கும் மழைத்தொடர்கள் உட்பகுதியையும் எட்டுகின்றன, அண்டையிலுள்ள சிகாமட் நகரம் 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் வெள்ளத்தில் மூழ்கியதை இவ்வட்டார மக்கள் மறக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை முதல்வகை மழை தடையாவதில்லை, மாறாகப் புதிய தளிர்களைக் கொடுத்துப் புழுக்களுக்கு உணவாகிறது. இரண்டாம் வகை மழை நீடித்தால் அவை இலையடியில் தொங்கியபடி காத்திருக்கின்றன. எனவே பயணத்தைத் திட்டமிடுபவருக்கு வாய்ப்பிருந்தால் தீபாவளியை ஒட்டிய வாரங்களே டிசம்பர் இறுதியைவிட உகந்தவை என்று கொள்ளலாம்.

கடிகாரமும் சூரியனும்

வண்ணத்துப்பூச்சி தன் உடல் வெப்பத்தைத் தானே போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளும் உயிர் அன்று. சிறகுகளை இயக்கும் மார்புத் தசைகள் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தை நெருங்கினால்தான் பெரும்பாலான இனங்களால் நன்கு பறக்க இயலும். அதற்காக அவை வெயிலில் அமர்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்வதை வெயில்காய்தல் என்று குறிப்பிடலாம். சில இனங்கள் சிறகுகளை முழுவதும் விரித்தும், வேறு சில சிறகுகளை மூடிப் பக்கவாட்டில் சாய்ந்தும் இதைச் செய்கின்றன. ஒளிப்படம் எடுப்பவருக்கு இந்த நிலைதான் கிடைத்தற்கரிய பேறு. ஏனெனில் சூடேறிய பூச்சி மனிதனின் நிழலைக் கண்டவுடன் பறந்துவிடும், சூடேறாத பூச்சியோ அமர்ந்தே இருக்கும்.

இந்த நேரத்தைக் கணிக்கும்போது மலேசியக் கடிகாரத்தின் ஒரு தனித்தன்மையை மனத்தில் கொள்ளவேண்டும். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்தள்ளிச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு இணைந்துகொண்டதால், இங்கே கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. நவம்பரில் தங்காக்கில் சூரியன் ஏறக்குறைய 6.50 மணிக்குத்தான் எழுகிறது, உச்சிக்கு வருவதோ பிற்பகல் 1 மணிக்குச் சற்று முன்னர்தான். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் நோக்கர், தம் ஊர்ப் பழக்கத்தில் 7 மணிக்கே ஆற்றோரம் சென்று நின்றால் பனியில் நனைந்த புல்லைத்தான் காண்பார். இரவு மழை பெய்திருந்தால் 9 மணி தொடங்கி 10 மணி வரை வெயில்காய்தலையும், 10 மணி தொடங்கி மேகம் திரளும் வரை பூவிலும் ஈரமணலிலும் உணவு கொள்வதையும் எதிர்பார்க்கலாம். பிற்பகல் மழை 4 மணிக்குள் ஓய்ந்து, மேற்கில் வெயில் மீண்டும் விழுமானால், 5 மணியளவில் இரண்டாவது முறையாகச் சிறகு விரிக்கும் பூச்சிகளைக் காண வாய்ப்புண்டு. இந்த மாலை வாய்ப்பைப் பலரும் கைவிட்டு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

எங்கே நிற்பது

லேடாங் மலையின் 1,276 மீட்டர் உயரச் சிகரத்தை நோக்கி ஏறுவதே வண்ணத்துப்பூச்சி நோக்குதலுக்குச் சிறந்த வழி என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆண்டிறுதியில் அது பெரும்பாலும் வீண் உழைப்பு. மேலே செல்லச் செல்ல வெப்பம் குறைந்து மூடுபனி கவிவதாலும், ஏறுவதற்கே நல்ல காலைப்பொழுது முழுவதும் செலவாகிவிடுவதாலும், அடிவாரத்தில் மூன்று மணி நேரம் நின்றவர் கண்டதில் ஒரு பங்கைக்கூட மலையேறியவர் காண்பது அரிது. இம்மலையை உள்ளடக்கிய தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மலையேறுவதற்குப் பதிவும் வழிகாட்டியும் கட்டாயம் என்பதையும், கனமழைக் காலத்தில் பாதை மூடப்படக்கூடும் என்பதையும் முன்கூட்டியே பூங்கா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தொடக்கநிலை நோக்கருக்கு மிகச் சிறந்த களம் வீட்டுக் கொல்லையே. தங்காக்கைச் சுற்றியுள்ள தமிழர் வீடுகளில் கறிவேப்பிலை இல்லாத வீடு அரிது. அக்கறிவேப்பிலையின் தளிரில் பறவை எச்சத்தைப் போன்ற தோற்றத்துடன் ஒட்டிக்கிடக்கும் சிறு புழு, பின்னர்ப் பச்சை நிறம் பெற்று, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைத்த சிவந்த உறுப்பொன்றை நீட்டிக் கடும் நாற்றத்தை வெளியிடுமானால், அது பப்பிலியோ பாலிட்டெஸ் இனத்தின் புழுவாகவோ அதன் நெருங்கிய உறவினத்தின் புழுவாகவோ இருக்கும். புழு உண்டு வளரும் அத்தகைய செடியை ஊட்டச்செடி என்பர். பப்பிலியோ பாலிட்டெஸ் இனத்தின் பெண் பூச்சிகளுள் ஒரு வகை, நச்சுத்தன்மை கொண்டதால் பறவைகள் தவிர்க்கும் பாக்லியொப்டா அரிஸ்டொலோக்கியே என்ற வேறோர் இனத்தைப் போலவே வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும் பூண்டு திரிகிறது. இவ்வாறு ஓர் உயிர் மற்றொன்றின் தோற்றத்தை ஏற்றுத் தப்பித்துக்கொள்வதைப் போலித்தோற்றம் என்பர். இரண்டையும் பிரித்தறிய உடலின் நிறத்தைப் பார்த்தாலே போதும். நச்சினத்தின் உடலில் சிவப்பு இருக்கும், போலியின் உடல் கறுப்பாகவே இருக்கும். எலுமிச்சை வகை மரங்களில் பப்பிலியோ டெமோலியஸ், பப்பிலியோ மெம்னன் ஆகியவற்றின் புழுக்களையும், சீத்தா வகையைச் சேர்ந்த முள்சீத்தாவிலும் நெட்டிலிங்கத்திலும் பச்சைப் புள்ளிகள் நிறைந்த கிராஃபியம் அகமெம்னன் இனத்தின் புழுக்களையும், கொன்றை மரங்களில் மஞ்சள் நிறக் கட்டொப்சிலியா பொமோனாவின் புழுக்களையும் தேடலாம். பிள்ளையார் கோயில்களின் ஓரத்தில் மாலைக்காக வளர்க்கப்படும் எருக்கு, வெந்தய வரியன் எனத் தமிழில் அழைக்கப்படும் டனாவுஸ் கிரிசிப்பஸ் இனத்துக்கு ஊட்டச்செடி என்பதால், பூசைக்குப் பறிக்கும் முன் இலையின் அடிப்புறத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

அடுத்த களம் தோட்டப்புறச் சாலையோரம். செம்பனைத் தோட்டம் ஓர் ஒற்றைப் பயிரின் பரப்பு என்பதால் அங்கே இனவளம் குறைவுதான். ஆனால் தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள ஓரங்களிலும், வாய்க்கால் கரைகளிலும் சீமை நாயுருவியும் உண்ணிச்செடியும் பூத்திருக்கும் இடங்களில் காலை 10 மணிக்குமேல் ஓரிடத்தில் அசையாமல் நின்றாலே போதும், பூச்சிகள் தாமே வந்துபோகும். தேள்கொடுக்குச் செடி காய்ந்து வாடிக்கிடக்குமிடத்தில் வரியன் இனங்களின் ஆண்களும் காக்கைநிற யூப்லோயா இனங்களின் ஆண்களும் கூடுவது உண்டு. அச்செடியிலுள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருளிலிருந்தே அவை பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்கிக்கொள்கின்றன. செம்பனையும் தென்னையும் அமதூசியா ஃபிடிப்பஸ் என்ற பெரிய பழுப்பு இனத்துக்கு ஊட்டமரங்கள் ஆதலால், பகலெல்லாம் நிழலில் ஒடுங்கியிருந்து அந்திக் கருக்கலில் மட்டும் பறக்கும் அதனைக் காண விரும்புபவர் மாலை 7 மணியளவில் தோட்டச் சாலையில் காத்திருக்கவேண்டும். தனியார் தோட்டத்துக்குள் நுழையுமுன் அலுவலகத்தில் அனுமதி பெறுவதும், குலை வெட்டும் பகுதியிலிருந்து விலகி நிற்பதும் தவிர்க்கக்கூடாதவை. வெட்டப்பட்ட மட்டையும் குலையும் விழும் வேகம் உயிருக்கே ஆபத்தானது.

மூன்றாவதும் மிக வளமானதுமான களம், தங்காக்கிலிருந்து சிகாமட் செல்லும் சாலையில் உள்ள சாகில் பகுதியின் அருவியோரம். இங்கே காணவேண்டியது ஈரமண் உறிஞ்சுதல் என்ற நடத்தை. பெரும்பாலும் ஆண் பூச்சிகளே மணல்திட்டில் கூடி, ஈரத்தில் கரைந்துள்ள சோடியம் உப்பை உறிஞ்சுகின்றன. இலையுணவில் சோடியம் மிகக் குறைவு என்பதால் இவ்வாறு திரட்டிய உப்பின் ஒரு பகுதியை அவை இணைசேரும்போது பெண்ணுக்கு அளிக்கின்றன, அது முட்டைகளைச் சென்றடைகிறது. கறுப்புச் சிறகின் நடுவே நீலப்பட்டை ஓடும் கிராஃபியம் சார்பிடான் இதில் முதலில் கண்ணில் படுவது. பெருமழைக்கு மறுநாள் எங்கும் ஈரமாக இருப்பதாலும் உப்பு கரைந்தோடிவிடுவதாலும் கூட்டம் சிதறிவிடும். இரண்டு நாட்கள் வெயில் தொடர்ந்து மணல்திட்டு காயத் தொடங்கும்போது, எஞ்சிய ஈரத்திட்டுகளில் அது மீண்டும் திரளும். வார இறுதியில் குளிக்க வருவோரின் நெரிசலில் எந்தப் பூச்சியும் அமராது. ஜொகூர் மாநிலம் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் சனி, ஞாயிறு ஆகிய நாட்களையே வார விடுமுறையாக மீண்டும் கொண்டுள்ளதால், வெள்ளி, சனி என்று குறிப்பிடும் பழைய வழிகாட்டிகளை நம்பித் திட்டமிடுபவர் ஏமாறுவார்.

அருவியோரத்தில் ஆண்டிறுதியில் நிற்பவருக்கு ஓர் எச்சரிக்கை விரிவாகவே சொல்லப்படவேண்டும். மலாய் மொழியில் கெப்பாலா ஆயிர் எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு, அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலைமேல் பெய்த மழையால் உண்டாகக்கூடியது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வருவதும், நீரோசை கனத்து மாறுவதும் அதன் முன்னறிகுறிகள். கேமராவின் காட்சித்துளையில் கண் வைத்து, மணல்திட்டில் குப்புறப் படுத்திருப்பவர் இவற்றுள் எதையும் கவனிக்கமாட்டார் என்பதே ஆபத்து. ஆகவே ஆற்றின் நடுத்திட்டுகளைத் தவிர்த்து, ஒரே அடியில் கரையேறக்கூடிய இடத்தில் மட்டும் படுப்பதும், ஒருவர் படமெடுக்கும்போது மற்றொருவர் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதும், மலைமுகடு கறுக்கக் கண்டவுடன் எழுந்துவிடுவதும் விதிகளாகக் கொள்ளத்தக்கவை. அட்டைக்கடி இவற்றோடு ஒப்பிடுகையில் அற்பம். நெருக்கமாகப் பின்னிய நீண்ட காலுறை போதும்.

காத்திருத்தலும் வாலஸ் கண்ட வழியும்

ஆங்கிலேய இயற்கையியலர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மலாக்கா வட்டாரத்தில் தங்கி, ஐரோப்பியர் அப்போது ஓபிர் மலை என்றழைத்த இதே லேடாங் மலையிலும் ஏறினார். ஆண்டிறுதி மழைக்கு வெகு முன்னரே அவர் வந்துபோனார் என்பதால் அவர் பயணக்குறிப்புகளை மாதத்துக்கான வழிகாட்டியாகக் கொள்ள இயலாது. முறைக்கான வழிகாட்டியாகக் கொள்ளலாம். மலாக்காப் பகுதியில் ஒருநாள் பாதையில் கண்ட பெரிய வண்ணத்துப்பூச்சி கைக்கு எட்டாமல் காட்டுக்குள் பறந்துவிட, அது அமர்ந்திருந்த இடத்தில் ஊனுண்ணி விலங்கொன்றின் எச்சம் கிடப்பதை அவர் கவனித்தார். மறுநாள் வலையுடன் அதே இடத்துக்குச் சென்றபோது அதே எச்சத்தின்மீது அப்பூச்சி அமர்ந்திருந்தது. அறிவியலுக்கு அதுவரை அறிமுகமாகாத அவ்வினம் இன்று அகட்டாசா கலிடோனியா எனப்படுகிறது. பறந்துபோன பூச்சியைத் துரத்தாமல் அது விட்டுச்சென்ற இடத்தை ஆராய்வதும், மறுநாள் அதே மணிக்கு அங்கே நிற்பதும் இன்றைய கேமராக்காரருக்கும் அப்படியே பொருந்துகிறது. எச்சம், அழுகிய பழம், மரத்தில் கசியும் சாறு ஆகியவற்றை நாடும் இனங்கள் பூவுக்கு வருவது அரிது. சொந்தக் கொல்லையில் கனிந்து புளித்த அன்னாசியோ வாழையோ ஒரு தட்டில் வைத்தும், பெலாச்சான் என்னும் புளித்த இறால் விழுதைச் சிறிது நீரில் கரைத்துத் தெளித்தும் அவற்றை வரவழைக்கலாம். பூங்காவின் எல்லைக்குள் உணவுப்பொருளை விட்டுவருவது குரங்குகளைத்தான் பழக்கும்.

கேமராவைக் கையாளுதல்

90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ வில்லை, அதாவது மிக அருகிலுள்ள சிறுபொருளையும் அதன் உண்மை அளவில் பதியவல்ல வில்லை, நீலன்கள் போன்ற சிற்றினங்களுக்கு ஏற்றது; மணல்திட்டுக் கூட்டங்களைத் தொலைவிலிருந்தே எடுக்க 300 மி.மீ. தொலைவில்லை மேலானது. பப்பிலியோ, கிராஃபியம் முதலியவை அடங்கிய அழகன் குடும்பத்துப் பெரிய இனங்கள் தேன் அருந்தும்போதும் சிறகடித்துக்கொண்டே இருப்பதால் ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. மேகமூட்டத்தில் இவ்வேகத்தைப் பெற ஐஎஸ்ஓ மதிப்பை 1600 வரை உயர்த்தத் தயங்கவேண்டியதில்லை, சற்றே புள்ளிபட்ட படத்தைத் திருத்தலாம், கலங்கிய படத்தைத் திருத்த வழியில்லை. மூடிய சிறகைப் பக்கவாட்டில் எடுக்கும்போது சிறகின் தளமும் கேமராவின் பின்தளமும் இணையாக இருந்தால் எஃப் 8 அளவுத் துளையிலேயே முழுச் சிறகும் தெளிவாக விழும். இணை தவறினால் எஃப் 16 வைத்தும் பயனில்லை. கூர்மை கண்ணில் இருக்கவேண்டும். ஃபிளாஷ் பயன்படுத்துபவர் அதன்முன் பால்வெள்ளைத் தாளைக் கட்டி ஒளியை மென்மையாக்காவிட்டால், செதில்களின் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகப் பதிந்து உண்மை நிறத்தை மறைத்துவிடும்.

அணுகும்போது வெயிலுக்கு எதிர்ப்புறமாக வந்து நிழல் பூச்சியின்மேல் விழாமலும், நின்றபடி குனியாமல் தொலைவிலேயே முழந்தாளிட்டும் முன்னேறவேண்டும். பூச்சி சிறகை ஒருமுறை படக்கென்று திறந்து மூடினால் அது எச்சரிக்கையுற்றது என்று பொருள். அங்கேயே சிறிது நேரம் உறைந்து நின்றபின் தொடரலாம். குளிர்பதனத்தில் அசதியூட்டிப் படமெடுக்கும் பழக்கம் சிலரிடையே உண்டு. அவ்வாறு எடுத்த படத்தில் கால்களும் உணர்கொம்புகளும் இயல்பற்றுக் கிடப்பதைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும், பூச்சிக்கும் அது துன்பமே.

இக்காலத்தின் காற்றீரம் கேமராவுக்குப் பகை. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் வில்லையில் நீர்ப்படலம் படிவதால், அரைமணி நேரம் முன்னதாகவே குளிரூட்டியை நிறுத்திவிடவேண்டும், அல்லது கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்து வெளிவெப்பத்துக்குப் பழகவிடவேண்டும். இரவில் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைக்காவிட்டால் வில்லையின் உட்புறம் பூஞ்சை பிடிப்பது சில வாரங்களின் வேலைதான்.

பதிவும் பெயரிடலும்

மலாயாத் தீபகற்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றுக்கான அடிப்படை நூலை 1934இல் எச். எம். பெண்டில்பரியுடன் சேர்ந்து வெளியிட்ட ஏ. ஸ்டீவன் கார்பெட், மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேதியியலராகப் பணியாற்றியவர். பால்மரத் தோட்டங்களைத் தமிழர் தம் உழைப்பால் வளர்த்த காலத்தில், அத்தொழிலின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஒருவரே இந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளை வகைப்படுத்தினார் என்பது தோட்டப்புற வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. அவர் திரட்டிய மாதிரிகளில் 118 இனங்கள் ஒரே ஒருமுறையும், 74 இனங்கள் இருமுறையும் மட்டுமே கிடைத்திருந்தன; இவ்வளவு இனங்கள் அரிதாகவே அகப்படுவதன் காரணம் என்ன, மீண்டும் தேடினால் இன்னும் எத்தனை புதிய இனங்கள் கிடைக்கும் என்ற கேள்விக்கு, புள்ளியியலர் ரொனால்ட் ஃபிஷரும் பூச்சியியலர் சி. பி. வில்லியம்ஸும் கார்பெட்டோடு இணைந்து 1943இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் விடை தேடப்பட்டது, அக்கட்டுரை இன்றும் சூழலியலின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

களத்தில் இதன் பயன் நேரடியானது. காண்பவற்றுள் பெரும்பகுதி மறுமுறை காணக் கிடைக்காதவை ஆதலால், அழகான கோணத்துக்காகக் காத்திராமல் முதலில் எட்டத்திலிருந்தே அடையாளத்துக்கான ஒரு படத்தை எடுத்துவிட்டுப் பின்னரே நெருங்கவேண்டும். நீலன்கள், தாவிகள் ஆகிய குடும்பங்களில் சிறகின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பார்க்காமல் இனத்தை உறுதிசெய்வது பெரும்பாலும் இயலாது. இரண்டில் ஒன்று மட்டுமே கிடைத்தால் பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்துடனும் நாள், மணி, இடம், முந்தைய இரவின் மழை, பூச்சி அமர்ந்திருந்த செடி அல்லது தரை ஆகியவற்றை அன்று மாலையே எழுதிவிடவேண்டும். ட்ராய்டெஸ் பேரினத்தைச் சேர்ந்தவையும், மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ட்ரோகொனொப்டெரா ப்ரூக்கியானாவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றவை ஆதலால், அவற்றின் கூட்டுப்புழு காணப்பட்ட துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடாமல், மாவட்டத்தின் பெயரளவில் நிறுத்திக்கொள்வது நோக்கர்களிடையே நிலவும் நல்வழக்கம்.